டொரண்ட் தளம் திறக்கேல்லை எண்டு கொம்பனிக்கு ஏச முதல்

தம்பி, நீங்கள் கேட்டது மூண்டு விசயம். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில உங்கட வீட்டு பைபரில ரெண்டு டொரண்ட் தளம் (ஆக்கள் தங்களுக்குள்ள நேரடியா பைல் பரிமாறுறதுக்கு உதவுற தளம்) திறக்குதில்லை, பக்கத்து வீட்டுப் பெடியன்ர சிம்மில திறக்குது, அப்ப கொம்பனிக்காரன் எங்களைக் கேக்காமல் பூட்டலாமோ எண்டது ஒண்டு. லண்டனில இருக்கிற மச்சான் ஏதாவது ஒரு ஃப்ரீ விபிஎன்னை (உங்கட தொடர்பை வேற ஒரு சேர்வருக்குள்ளால மறைச்சு விடுற அப்) போட்டுப் பார் எண்டு சொல்லுறார், போடலாமோ எண்டது ரெண்டு. இந்தக் கனெக்சனை வெட்டிப்போட்டு வேற கொம்பனிக்கு மாறுறதோ எண்டது மூண்டு. நான் கனகாலமா இந்த நெட்வேர்க் வேலையிலதான் நிக்கிறன், வீடு, பள்ளிக்கூடம், கடை எண்டு யாழ்ப்பாணத்தில ரூட்டர் பாக்கப் போற இடமெல்லாம் இந்தக் கேள்வி வருது, அதால கொஞ்சம் நீட்டியே எழுதுறன்.

முதல்ல, தளம் திறக்கேல்லை எண்டதும் பிளொக் எண்டதும் ஒண்டில்லை. இந்த மாதிரித் தளங்கள் இங்க ஒருத்தரும் மறிக்காமலே செத்துப்போறது வழமை. கிக்காஸ் டொரண்ட்ஸ் 2016 ஜூலையில அமெரிக்கா டொமைனை, அதாவது தளத்தின்ர அட்ரஸைப் பறிச்சு, நடத்தினவர் எண்டு ஒராளைப் போலந்தில பிடிச்ச நேரம் நிண்டது. எக்ஸ்ட்ரா டொரண்ட் 2017 மேயில தானே கடையைப் பூட்டினது. ஆர்ஏஆர்பிஜி 2023 மே 31ஆம் திகதி ஒரு பிரியாவிடைக் கடிதம் போட்டிட்டு மூடினது. அந்த நேரங்களிலயும் இங்க ஆக்கள் கொம்பனிக்குத்தான் போன் அடிச்சு ஏசினவை. தமிழ்ப் படம் ஏத்துற தளங்கள் இன்னும் மோசம், புள்ளிக்குப் பிறகு வாற எழுத்தை மாத்தி மாத்தி ஓடித்திரியும், போன கிழமை இருந்த அட்ரஸ் இந்தக் கிழமை இருக்காது. ஆனா உங்கட கேசில பக்கத்துச் சிம்மில திறக்குது எண்டு சொல்லுறியள், அப்ப தளம் உயிரோடதான் இருக்கு, உங்கட லைனில எந்த இடத்தில மறிபடுது எண்டதுதான் பாக்கவேண்டியது.

மறிக்கிறதுக்குச் சில வழி இருக்கு. மலிவானது டிஎன்எஸ். நீங்கள் தளத்தின்ர பேரை அடிச்ச உடன உங்கட ரூட்டர் கொம்பனிக்காரன்ர சேர்வரிட்ட இந்தப் பேருக்கு நம்பர் என்ன எண்டு கேக்கும், அந்தச் சேர்வர் ஒரு பொய் நம்பரைச் சொல்லும், இல்லாட்டி அப்பிடி ஒரு பேரே இல்லை எண்டு சொல்லும். சந்திக் கடையில நிண்டு வீடு விசாரிக்க, கடைக்காரர் அப்பிடி ஆக்கள் இஞ்ச இல்லை எண்டு கையை விரிக்கிற மாதிரி, ஆனா வீடு ரெண்டு ஒழுங்கை தள்ளி நிண்ட இடத்திலதான் நிக்குது. ரெண்டாவது வழி அந்த நம்பரையே, அதாவது ஐபி அட்ரஸையே மறிக்கிறது. இதில வாற வில்லங்கம் என்னெண்டால் ஒரு நம்பருக்குப் பின்னால ஆயிரக்கணக்கில தளங்கள் இருக்கலாம், ஒண்டை மறிக்கப்போய் எல்லாம் சேர்ந்து படுக்கும். மூண்டாவது, போற பக்கெற்றை, அதாவது லைனில போற டேட்டாத் துண்டை எட்டிப் பாக்கிறது. எச்ரிரிபிஎஸ் எண்ட மூடின தொடர்பு எண்டாலும் தொடர்பு தொடங்கேக்க தளத்தின்ர பேர் பெரும்பாலும் மூடாமல்தான் வெளியில போகும், எஸ்என்ஐ எண்டு அதைச் சொல்லுறது, அதைக் கண்ட உடன லைனை வெட்டுற ஒரு கள்ளப் பக்கெற் வரும், உங்கட பிரவுசரில கனெக்சன் ரீசெற் எண்டு தெரியும்.

கோண்டாவிலில ஒரு வீட்டில இதே முறைப்பாட்டுக்குப் போனனான். மகன் ஏஎல் படிக்கிறவர், பாஸ்ட் பேப்பர் தொகுப்பு ஒண்டு டொரண்டா இருக்காம், தளம் திறக்குதில்லை, தகப்பன் போனைப் பிடிச்சுக்கொண்டு கஸ்டமர் கெயார் பிள்ளையிட்டக் கத்திக்கொண்டு நிக்கிறார், அந்தப் பிள்ளை பாவம் ரூட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணச் சொல்லுது. நான் லப்டொப்பில கறுப்புத் திரையைத் திறந்து என்எஸ்லுக்கப் எண்டு அடிச்சுத் தளத்தின்ர பேரைக் குடுத்தன், 127.0.0.1 எண்டு வந்தது. அது கொம்பியூட்டர் தன்னைத்தானே குறிக்கிற நம்பர், வெளியில இருக்கிற தளத்துக்கு அது வரக்கூடாது. அதே வரிக்குப் பின்னால 8.8.8.8 எண்டு கூகுளின்ர டிஎன்எஸ்ஸைச் சேர்த்து அடிக்க வேற ஒரு ஒழுங்கான நம்பர் வந்தது. சில ரூட்டரில பிள்ளையளுக்கெண்டு போட்டிருக்கிற வடிகட்டியும் இப்பிடிக் காட்டும், அதையும் நிப்பாட்டிப் பாத்தன், மாறேல்லை. இது கொம்பனிக்காரன்ர டிஎன்எஸ்ஸில வைச்ச மறிப்பு எண்டது அந்த ரெண்டு வரியிலயே தெரிஞ்சு போச்சு. தகப்பனிட்ட, அண்ணை இதைத் திகதி நேரம் தெரியப் படம் எடுத்து வைச்சிட்டு நம்பரை வாசிச்சுக் காட்டுங்கோ எண்டன். அவர் வாசிச்ச உடன மற்றப் பக்கத்தில கதை மாறிச்சு, ரீஸ்டார்ட் கதை நிண்டு டெக்னிக்கல் பகுதிக்கு லைன் போச்சு.

நீங்களும் முதல்ல இதைச் செய்யுங்கோ. டிஎன்எஸ்ஸில நம்பர் சரியா வந்தும் திறக்கேல்லை எண்டால் ஐபி மறிப்பா இருக்கலாம், ரீசெற் எண்டு வந்தால் பக்கெற் பாக்கிற மறிப்பா இருக்கலாம். தளம் வடிவாத் திறந்து டொரண்ட் மட்டும் இழுக்குதில்லை எண்டால் அது தளத்தைப் பூட்டின பிளொக் இல்லை, பகல் டேட்டா முடிஞ்சு வேகம் குறைஞ்சிருக்கலாம், இல்லாட்டி அந்த பைலை வைச்சிருக்கிற ஆக்களே இல்லாமல் போயிருக்கலாம்.

ஆதாரம் எடுக்கிறதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுறன் எண்டால், இந்த விசயத்தில உலகத்தில கஸ்டமர் ஒராள் உண்மையா வெண்ட கதை அப்பிடித்தான் தொடங்கினது. 2007இல அமெரிக்காவில ரொப் டொபோல்ஸ்கி எண்டவர், வாத்தியம் இல்லாமல் நாலு பேர் சேர்ந்து பாடுற பழைய காலத்துப் பாட்டுகளில பைத்தியமானவர், கொப்பிரைட் முடிஞ்ச அந்தப் பழைய ஒலிப்பதிவுகளை மற்ற ஆக்களுக்குக் குடுக்கப் பாக்கிறார், அப்லோட் போகுதே இல்லை. அவருக்கு நெட்வேர்க் தெரியும், பக்கெற்றைப் பிடிச்சுப் பாத்தால் தான் அனுப்பாத, மற்றவரும் அனுப்பாத ரீசெற் பக்கெற் நடுவில வந்து விழுது. கொம்காஸ்ட் எண்ட அவரின்ர இன்ரநெற் கொம்பனி தாங்கள் எதையும் பிளொக் பண்ணேல்லை எண்டு சொன்னது. அந்த வருசம் ஒக்டோபரில அசோசியேட்டட் பிரஸ் எண்ட செய்தி நிறுவனம் தானே சோதிச்சுப் பாத்தது, அவை அனுப்பிப் பாத்தது பைபிள், அதுவும் போகேல்லை. 2008 ஓகஸ்டில அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு இது பிழை, நிப்பாட்டு எண்டு சொன்னது. 2010 ஏப்ரலில கோர்ட் அந்த உத்தரவை ரத்துப் பண்ணினது உண்மைதான், ஆனா அதுக்கு முதலே கொம்பனி அந்த முறையைக் கைவிட்டிட்டுது, கஸ்டமர்மாருக்கு 16 மில்லியன் டொலர் குடுத்து வழக்கொண்டையும் முடிச்சது. கத்தினதால நடந்த காரியமில்லை இது, ஒராள் மினக்கெட்டுப் பதிஞ்சு வைச்ச பக்கெற்றால நடந்தது.

இந்தியாவில 2012இல வேற மாதிரிப் போச்சு. தமிழ், தெலுங்குப் படங்களின்ர களவுக் கொப்பியைத் தடுக்கிறதுக்கெண்டு ஒரு சென்னை நிறுவனம் மெட்ராஸ் ஹைகோர்ட்டில உத்தரவு வாங்க, இன்ரநெற் கொம்பனியள் அந்தப் படம் கிடந்த பக்கத்தை மட்டும் மறிக்காமல் தளத்தையே முழுசாப் பூட்டிப்போட்டினம், பைரேட் பே எண்ட டொரண்ட் தளம் மட்டுமில்லை, வீடியோ போடுற விமியோ, டெய்லிமோசன், எழுத்துப் பகிருற பேஸ்ட்பின் எல்லாம் போச்சு. விமியோவில குறும்படம் போட்டு வேலை தேடுற பெடியளும் அதோட அடிபட்டவை. ஜூன் 9ஆம் திகதி இதை எதிர்த்த ஆக்கள் பல நகரங்களில முகமூடி போட்டுக்கொண்டு ரோட்டில நிண்டவை, ஆள் தொகை பெரிசில்லை, ஆனா விசயம் பேப்பருக்கு வந்தது. பிறகு அதே ஜூனில கோர்ட் தெளிவாச் சொன்னது, குறிப்பிட்ட லிங்கை மட்டும்தான் மறிக்கலாம், முழுத் தளத்தையும் இல்லை எண்டு. நல்ல தீர்ப்பு, ஆனா பாருங்கோ, 2017 ஓகஸ்டில அதே கோர்ட்டில ரெண்டு ஹிந்திப் படத்துக்காக வாங்கின உத்தரவில 2,600க்கும் மேற்பட்ட தளம் லிஸ்டில, அதுக்குள்ள ஆர்க்கைவ் டொட் ஓர்க்கும் சேர்ந்து போச்சு. அது உலகத்தின்ர பழைய புத்தகம், பழைய ஒலிப்பதிவு எல்லாத்தையும் சேர்த்து வைக்கிற இடம், தமிழ்ப் பழம்புத்தகம் தேடுற ஆக்கள் தினமும் போற இடம், தன்ர பைல்களை 2012இல இருந்து டொரண்டாவும் குடுக்குது. டொரண்ட் எண்டாலே களவு எண்டு நினைக்கிற ஆக்களுக்கு நான் முதல்ல சொல்லுறது இதைத்தான்.

தவறிப்போய் நடந்தது, ஒருக்காத்தான் நடந்தது எண்டு இதை விடேலாது. 2022 ஓகஸ்டில ஒஸ்ட்ரியாவில பதினாலு தளத்தை மறிக்கவெண்டு கனக்கத் தளங்களுக்கு முன்னால நிக்கிற கிளவுட்பிளேர் எண்ட கொம்பனியின்ர ஐபி நம்பர் கொஞ்சத்தைப் பூட்ட, சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான தளம் படுத்தது. 2024 ஒக்டோபரில இத்தாலியில பந்து மேட்ச் களவாக் காட்டுறதைத் தடுக்கிற சிஸ்டம் கூகுள் டிரைவையே மறிச்சது. எங்களுக்கு வந்தால் என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. 2005இல இருந்து நூலகம் தளத்தில எங்கட பழைய பத்திரிகை, சஞ்சிகை, கோயில் மலர், பள்ளிக்கூட மலர் எண்டு ஸ்கான் பண்ணி ஏத்தி வைச்சிருக்கினம், கம்பஸ் பிள்ளையள் ஆய்வுக்கு அதைத்தான் நம்பி நிக்கினம், அப்பிடி ஒரு தளம் எவனோ ஒருத்தன்ர களவுத் தளத்தோட ஒரே ஐபியில இருந்தால் காலமை எழும்பப் பாக்க இல்லாமல் போயிருக்கும், ஏன் எண்டு சொல்லவும் ஆளிருக்காது.

இந்த ஏன் எண்ட இடத்துக்குத்தான் நான் வாறன். மறிக்கிறது எல்லாமே அநியாயம் எண்டு நான் சொல்லேல்லை. எங்கட ஊர்ப் பெடியள் கடன்பட்டு, காணி அடகு வைச்சுப் படம் எடுக்கினம், அது வந்த கிழமையே ஃப்ரீயா இறங்கினால் அவைக்கு வயித்தில அடி, 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இங்கயும் இருக்கு. ஆனா மறிக்கிறவன் தன்ர பேரைச் சொல்லவேணும். உங்கட மச்சான் இருக்கிற இங்கிலாந்தில 2011இல நியூஸ்பின் தளத்தில தொடங்கி 2012 ஏப்ரல் 30இல பைரேட் பே எண்டு கோர்ட் உத்தரவிலதான் மறிக்கத் தொடங்கினவை. 2014இல ஒரு கள்ளச் சாமான் விக்கிற தள வழக்கில நீதிபதி, மறிச்ச பக்கத்தில ஆர் உத்தரவு வாங்கினது எண்டு போடவேணும், பாதிக்கப்பட்ட கஸ்டமர் கோர்ட்டுக்கு வந்து இதை எடுக்கச் சொல்லிக் கேக்கலாம் எண்டதையும் போடவேணும், காலக்கெடுவும் வேணும் எண்டு சொன்னவர். அந்த வழக்கு மேல போய் 2018 ஜூனில சுப்ரீம் கோர்ட், மறிக்கச் சொல்லிக் கேட்டவன்தான் அந்தச் செலவைக் கட்டவேணும் எண்டு சொன்னது. அந்தச் செலவைக் கொம்பனி கட்டினால் கடைசியில எங்கட மாத பில்லிலதான் வந்து நிக்கும், அதால இது எங்களுக்கும் முக்கியமான தீர்ப்பு. ஐரோப்பிய நீதிமன்றமும் 2014 மார்ச்சில ஒரு ஒஸ்ட்ரியக் கொம்பனியின்ர வழக்கில, சட்டப்படியான விசயத்தைப் பாக்கிற ஆக்களை வீணா மறிக்கக்கூடாது, அவை கோர்ட்டுக்குப் போக வழி இருக்கவேணும் எண்டு சொல்லியிருக்கு.

இனி எங்கட நாடு. இங்க இந்தப் பூட்டு கனகாலமாப் படத்துக்காக மட்டும் பாவிக்கேல்லை எண்டதை யாழ்ப்பாணத்தில இருக்கிற எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. தமிழ்நெற் செய்தித் தளம் 2007 ஜூனில உள்நாட்டு இன்ரநெற் கொம்பனியளில திறக்காமல் போனது, 2015இல ஆட்சி மாறின பிறகுதான் வந்தது. 2018 மார்ச்சில திகன, கண்டிக் கலவரத்தோட பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், 2019இல ஈஸ்டர் குண்டுவெடிப்போட திரும்ப, 2022 ஏப்ரல் 3ஆம் திகதி போராட்டத்துக்குப் பயந்து இன்னொருக்கா. அந்த 2022இல ஆட்சியிலயே இருந்த அமைச்சர் நாமல் ராஜபக்ச தான் விபிஎன்னில நிண்டு எழுதுறன், இந்தத் தடையால பிரயோசனமில்லை எண்டு வெளிப்படையாப் போட்டவர், அண்டைக்கே திறந்தும் விட்டவை. இப்ப 2024ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்து நிக்குது, தளத்தைத் தடுக்கிற அதிகாரம் அதுக்குள்ளயும் இருக்கு. டொரண்ட் தளம் பூட்டுறதும் செய்தித் தளம் பூட்டுறதும் கொம்பனிக்காரனுக்கு ஒரே மெசின், ஒரே லிஸ்ட், ஒரு வரி கூடச் சேர்க்கிறது மட்டும்தான். அதால படம் பாக்கேலாமல் போச்சு எண்டு மட்டும் இதை எடுக்காதேங்கோ, ஆர் சொல்லி, எந்தச் சட்டத்தில, எப்ப வரைக்கும் எண்டு கேக்கிற பழக்கம் எங்களுக்கு வரவேணும். பூட்டினவன் வாயே திறக்காமல் இருக்க, கஸ்டமர் தன்ர ரூட்டர்தான் பழுது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிற நிலைமையை நான் கொஞ்சமும் ஏற்கமாட்டன்.

கேட்டால் மறுமொழி வருமோ எண்டால், வந்திருக்கு. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தைப் பாவிச்சு 2017இல கிரவுண்ட்வியூஸ் எண்ட செய்தித் தளத்து ஆக்கள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிட்ட எந்தத் தளங்களை மறிச்சனீங்கள் எண்டு கேட்டவை, லிஸ்ட் வந்தது, உத்தரவு ஜனாதிபதி செயலகம், அமைச்சு எண்டு எங்கயெங்க இருந்து போனது எண்டதும் அதில தெரிய வந்தது. உங்களாலயும் ஏலும், தமிழிலயே எழுதலாம், 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லவேணும், சொல்லாட்டி அப்பீல் இருக்கு.

மறிக்கிறதால களவு குறையுதோ எண்டும் கன பேர் கேக்கிறவை. கலவையான மறுமொழிதான். நெதர்லாந்தில 2012இல பைரேட் பேயை மறிச்ச பிறகு அம்ஸ்டர்டாம் யுனிவர்சிட்டி ஆக்கள் பாத்ததில நிலைச்ச குறைவு ஒண்டும் தெரியேல்லை, 2014 ஜனவரியில அப்பீல் கோர்ட்டும் பிரயோசனமில்லை எண்டு தடையை எடுத்தது, பிறகு 2017இல ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்போட திரும்ப வந்தது வேற கதை. இங்கிலாந்தைப் பாத்த அமெரிக்காவின்ர கார்னகி மெலன் யுனிவர்சிட்டி ஆய்வாளர்கள் கண்டது, ஒரு தளத்தை மட்டும் பூட்டினால் சனம் பக்கத்துத் தளத்துக்குப் போகும், 2013இல மாதிரிப் பத்தொன்பது தளத்தை ஒரேயடியாப் பூட்டினால் கொஞ்சப் பேர் காசு கட்டிப் பாக்கிற சேவைக்கு மாறினவை எண்டு. என்ர அபிப்பிராயம், மாறுறதுக்கு ஒரு இடம் இருக்கவேணும். இந்தியாவில இருக்கிற சில சேவை எங்கட அட்ரஸைக் கண்டால் திறக்காது, கிரெடிட் கார்ட் இல்லாத வீடு எங்களிட்ட எத்தினை, அதுகளைச் சரிப்பண்ணாமல் பூட்டை மட்டும் போட்டால் சனம் அடுத்த கள்ள வழியைத்தான் தேடும்.

விபிஎன் விசயம். துருக்கியில 2014 மார்ச்சில டுவிட்டரைப் பூட்டேக்க சனம் 8.8.8.8 எண்ட நம்பரைச் சுவரில பெயின்டால எழுதி வைச்சது, உடன அரசாங்கம் அந்த நம்பருக்குப் போற வழியையே திருப்பி விட்டது, அப்பிடி ஒண்டை ஒண்டு துரத்துற விளையாட்டு அது. விபிஎன் பாவிக்கிறது பிழை எண்டு நான் சொல்லமாட்டன், ஒஃபிஸ் வேலைக்கு நானும் பாவிக்கிறன். ஆனா ஃப்ரீ விபிஎன் போட வேண்டாம். உங்கட முழு டிராபிக்கையும் முகம் தெரியாத ஒருத்தன்ர சேர்வருக்குள்ளால விடுறியள் எண்டதை விளங்கிக்கொள்ளுங்கோ. ஹோலா எண்ட ஃப்ரீ சேவை பாவிக்கிற ஆக்களின்ர லைனையே மற்ற ஆக்களுக்கு வித்துக்கொண்டிருந்தது 2015இல வெளிய வந்தது, அதாவது ஆரோ செய்யிற வேலை உங்கட வீட்டு ஐபியில பதிஞ்சிருக்கும். பேஸ்புக்கின்ர ஒனாவோ எண்ட விபிஎன், நீங்கள் போனில என்னென்ன அப் பாவிக்கிறியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தது, 2018 ஓகஸ்டில ஆப்பிள் கடையில இருந்து அதை எடுக்கவேண்டி வந்தது. அம்மாவின்ர பாங்க் அப்பும் அதே வைஃபையில, அதே போனில ஓடுது எண்டு சொன்னால் உங்களுக்கு விளங்கும். காசு கட்டின, பேர் எடுத்த சேவை எண்டால் அது உங்கட முடிவு, ஆனா அதைப் போட்டாலும் களவுப் படம் சட்டப்படி ஆகாது.

கடைசி, கொம்பனி மாறுறது. இப்ப வேண்டாம். உத்தரவு ஆணைக்குழுவில இருந்து வந்திருந்தால் எல்லாருக்கும் வரும், பக்கத்து வீட்டுச் சிம்காரன் இன்னும் பூட்டேல்லை எண்டது மட்டும்தான் வித்தியாசமா இருக்கும், ரெண்டு மாசத்தில அங்கயும் பூட்டும், நீங்கள் பைபர் வயர் இழுக்கக் கட்டின காசும் போய் நிக்கும். கொம்பனி தன்ர பாட்டில பூட்டியிருந்தால் அப்ப மாறுறது நியாயம். எது எண்டு தெரிய, முதல்ல அந்த ரெண்டு தளத்துக்கும் என்எஸ்லுக்கப் ரெண்டு விதமாவும் அடிச்சுப் படம் எடுங்கோ, சிம்மிலயும் அதே நேரம் எடுங்கோ, பிறகு கொம்பனிக்கு ஈமெயிலில, போனில இல்லை, மூண்டே கேள்வி எழுதுங்கோ: இந்தத் தளத்தை நீங்கள் மறிச்சிருக்கிறியளோ, ஆரின்ர உத்தரவு, உத்தரவின்ர திகதி என்ன. மறுமொழி வராட்டி அதே மூண்டையும் ஆணைக்குழுவுக்குத் தகவல் உரிமையில போடுங்கோ. கடிதம் எழுதக் கஸ்டமெண்டால் நான் எழுதித் தாறன், நம்பர்களை மட்டும் அனுப்பி விடுங்கோ.